நாற்பதாவது நாள் சிகரெட்

நாற்பது நாளாக நான் மனுஷியாக இல்லை.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு. ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸின் ஓரத்தை இயந்திரத்தில் தேய்த்து, பொருத்தி, பொடி ஸ்க்ரூவை முடுக்கிக் கொடுக்க வேண்டும். கை நடுங்கினால் ஓரம் சில்லு பெயர்ந்துவிடும். முதல் வாரத்தில் மட்டும் நான்கு லென்ஸ் காலி. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவதை என் கையிலிருந்து வாங்கிப் போய்த் தானே தேய்த்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. கிராம்பு மென்று நாக்கு மரத்துப் போயிற்று. பேனா மூடிகளை எல்லாம் கடித்துத் தீர்த்தேன். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். கடையில் கண் பரிசோதிக்கிறவர் தானே தடிக் கண்ணாடி போட்டவர், அதனால் எங்களுக்கு அவர் சோடாபுட்டி. அவர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, நீ பழையபடி பிடிச்சே தொலையேன். எங்களுக்காவது நிம்மதியா இருக்கும்."

எல்லாம் அக்காவுக்காக. என்னைவிட ஆறு வயது மூத்தவள். இரண்டு வருஷமாக அவள் சிறுநீரகங்கள் வேலை செய்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி, காலையில் நாலு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுத்துக் கிடக்க வேண்டும். ஒன்று தரலாம் என்றால் அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்கு எல்லாம் பொருந்தியது. டாக்டர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. "சிகரெட் பிடிப்பீங்களா?"

பிடிப்பேன் என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் சிறுநீரகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்திரண்டு நாள் ஒன்றுகூடத் தொடக் கூடாது, பிறகு ஒரு பரிசோதனை, அதற்குப் பிறகுதான் ஆபரேஷனுக்குத் தேதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். நர்ஸ் என் போனை வாங்கி ஒரு செயலியைப் போட்டுத் தந்தாள். அம்மாவையும் அக்காவையும் அதில் எனக்குத் துணை என்று சேர்த்துவிட்டாள்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அது கேட்கும், 'இன்று புகைத்தீர்களா?' இல்லை என்று அழுத்தினால் சிரித்த முகத்தோடு ஒரு ஜோடி நுரையீரல் வந்து குதித்துக் குதித்து ஆடும். எண்ணிக்கை ஒன்று ஏறும், அம்மா போனிலும் அக்கா போனிலும் மணி அடிக்கும். ஆம் என்று அழுத்தினால் எண்ணிக்கை பூஜ்யம். நடுவில் ஆசை முட்டினால் 'தவிக்கிறேன்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, 'அன்புத் தோழியே, ஒரு குவளை நீர் அருந்துங்கள்' என்று சொல்லும். போனை அந்தக் குவளையிலேயே போட்டு மூடிவிடலாமா என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அம்மாவோ ஆறே முக்காலுக்கே நான் செய்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பரீட்சை முடிவு பார்ப்பவள் மாதிரி போன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

இந்த எண்ணிக்கை இரண்டாவது. முதல் எண்ணிக்கை ஒன்பதாம் நாளே கவிழ்ந்தது. அன்று வியாழக்கிழமை. கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய குளிர் ஜாக்கெட் பையில் ஒரே ஒரு சிகரெட் இருந்தது. அம்மாவுக்குப் பயந்து அணில் மாதிரி வீடெங்கும் ஒளித்து வைத்தவள்தான் நான், எதையோ எடுக்க மறந்திருக்கிறேன் என்று நினைத்தேன். மொட்டை மாடிக்குப் போய்ப் பற்றவைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அடங்கியது ஆசை மட்டுமில்லை, ஆபரேஷன் கத்தியை நினைத்து இருந்த பயமும் கொஞ்சம் இறங்கியது. அதற்காக என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன். ஏழு மணிக்கு ஆம் என்று அழுத்தினேன். எப்படிக் கிடைத்தது என்று அது கேட்டதற்கு, ஏற்கெனவே இருந்தது என்று அழுத்தினேன்.

அம்மா பன்னிரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை மட்டும் டொக்கென்று வைப்பாள். அக்காதான் தலையைத் தடவி, "பரவால்லடி குட்டி" என்றாள். அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளே மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். பதினாறாம் நாள் துணிக் கிளிப் டப்பாவில் ஒரு சிகரெட். இருபத்தாறாம் நாள் இயர்போன் டப்பாவில் ஒன்று. இரண்டு முறையும் தவிக்கிறேன் பொத்தானை அழுத்தினேன். 'சிகரெட் எப்படிக் கிடைத்தது? வாங்கினேன், நண்பர் தந்தார், ஏற்கெனவே இருந்தது' என்று கேட்டது. மூன்றாவதை அழுத்திவிட்டு, சிகரெட்டைக் குழாயடியில் காட்டிக் கூழாக்கி வழித்துப் போட்டேன். என் ஞாபக மறதியை நானே சபித்தேன். இத்தனை இடத்திலா ஒளித்தோம் என்று பீரோவுக்கு அடிவரை தேடினேன்.

இன்று நாற்பது. செவ்வாய்க்கிழமை. இன்னும் இரண்டே நாள். ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்து, சார்ஜர் எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். சார்ஜர் மேலே ஒரு சிகரெட் படுத்திருந்தது. கை தானாகப் போய் எடுத்துவிட்டது. முகர்ந்தும் பார்த்துவிட்டேன். வாயில் எச்சில் ஊறியது. போன வாரம்தான் இந்த இழுப்பறையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துடைத்திருந்தேன்.

இடது கையால் பொத்தானை அழுத்தினேன். வழக்கமான கேள்வி. மூன்றாவதை அழுத்தியதும் இந்த முறை புதிதாக ஒரு படம் வந்தது. வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு கட்டம், அதில் மூன்று மட்டும் சிவப்பு. 'அன்புத் தோழியே, செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் உங்கள் அருகே சிகரெட் இருக்கிறது. கவனமாக இருங்கள்.'

இரண்டு தடவை படித்தேன். அந்த மூன்று நாள்தான் அம்மா அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டு மருந்தும் காய்கறியும் வாங்கப் போவாள். அப்போது மட்டும்தான் வீட்டில் அக்கா தனியாக இருப்பாள்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா அடுப்படியில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். நான் அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் ஊசி குத்திய கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். சிகரெட்டை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"இது யாரு வேல?"

அவள் மழுப்பவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். "பிடிச்சிடுடி குட்டி" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? அன்னிக்கு ஜாக்கெட்ல வச்சதும் நீதானா?"

"ஆமா."

"பன்னெண்டு நாள் அம்மா எங்கூட மொகம் கொடுத்துப் பேசல. நீ பாத்துக்கிட்டுதானே இருந்த? பரவால்லன்னு தலைய வேற தடவுற!"

"வேணாம்னு நூறு தடவ சொன்னேன். ரெண்டு பேர்ல யாராவது கேட்டீங்களா? நான் வேணாம்னா அம்மா பட்டினி கெடக்குறாங்க. நீ அழுற. உன்னால முடியலன்னு ஆயிட்டா பேச்சு அதோட முடிஞ்சிடும்னு பாத்தேன்." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "உனக்கு இருபத்தி மூணு வயசுடி. நாளைக்கு எனக்கு வந்த மாதிரி உனக்கும் வந்தா? அப்ப நீ யார்கிட்ட போய் கேப்ப?"

டாக்டர் எனக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அதை அவளும் கேட்டிருக்கிறாள். அறைக்குள்ளேயே ஜன்னலுக்கும் கதவுக்கும் நாலு நடை நடந்தேன். விரலிடுக்கில் சிகரெட் நசுங்காமல் அப்படியே இருந்தது. நாற்பது நாள் பட்டினி கிடந்த கை, அதற்குப் பிடிக்கத் தெரியாதா?

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. "அன்னிக்கு மாடியில பிடிச்சப்ப, அப்பாடா தள்ளிப்போச்சுன்னு இருந்துச்சு. போதுமா? ஆனா நீ அந்த மெஷின்ல கெடக்குறத பாக்குறது இதவிடப் பயமா இருக்கு."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஏழு மணி. 'இன்று புகைத்தீர்களா?'

போனை அவள் மடியில் போட்டேன். சிகரெட்டை அதன் பக்கத்தில் வைத்தேன்.

"நீயே அழுத்து."

"நான் எதுக்கு?"

"ஆம்னு அழுத்து, இங்கயே உன் கண் முன்னால பிடிக்கிறேன். ஆனா நாளைக்குக் காலையில மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பேன். இன்னும் நாப்பத்திரண்டு நாள் நீ அந்த ஊசியக் குத்திக்க. அடுத்த தடவையும் நீ ஒளிச்சு வை, நான் மறுபடி ஆரம்பிக்கிறேன். நான் விடப்போறதில்ல. நீ எத்தன நாள் படுத்துக் கெடக்கணும்கிறது மட்டும்தான் உன் கையில இருக்கு."

வெளியே அம்மாவின் குரல். "மணி ஏழாச்சே, இன்னும் அடிக்கலையே? ஏய், என்னடி ஆச்சு?" நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கிற சத்தமும் கேட்டது.

அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நகத்தைக் கடித்தேன். அவள் விரல் ஆம் பக்கம் போயிற்று, நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இல்லை என்று அழுத்தினாள்.

நுரையீரல் குதித்து ஆட ஆரம்பித்தது. தலையணைப் பக்கம் அக்காவின் போனும் கூடத்தில் அம்மாவின் போனும் அடித்தன. "நாப்பது! நாப்பது ஆயிடுச்சு!" என்று அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா சிகரெட்டை எடுத்து இரண்டாக ஒடித்தாள். தூள் போர்வைமேல் கொட்டியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அப்போதும் என் கண் அந்தத் தூள்மேலேயே இருந்தது.

அக்கா அதைக் கவனித்துவிட்டாள். போர்வையை உதறிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள், "பாக்கெட்ல இன்னும் ஆறு இருக்கு. தலகாணி உறைக்குள்ள. எடுத்துட்டுப் போய்த் தொலை."

"நான் எடுத்தா பிடிச்சிடுவேன்" என்றேன். "நீயே கொண்டுபோய்ப் போடு."

அவள் தலையணை உறைக்குள் கையை விட்டு பாக்கெட்டை எடுத்தாள். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகக் குளியலறைக்குப் போனோம். அவள் ஒவ்வொன்றாகக் குழாயடியில் காட்டிக் கசக்கும்வரை, நான் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.