பன்னிரண்டு வரிகள், பன்னிரண்டு நாற்காலிகள்

1

இது கதையாகவே இருந்திருக்க வேண்டாம். அரைப் பக்க அறிக்கை போதும். பிரார்த்தனைக் கூடத்தின் காலாண்டு இதழுக்கு அத்தை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'குழு விளையாட்டுகள் மூலம் பக்திப் பாடல் கற்பித்தல் – ஓர் இனிய அனுபவம்.' அனுபவம் இனியது என்பது முன்பே முடிவாகிவிட்டதால் மீதியை நிரப்புவது மட்டும்தான் என் வேலை.

'பதின்மூன்று குழந்தைகளும் மகிழ்ச்சியுடன் பங்கேற்று' என்று தொடங்கினேன். பங்கேற்று என்ன செய்தார்கள்? அந்த வினைச்சொல்லை மூன்று நாள் தேடினேன். கிடைக்காததால் கதை எழுதுகிறேன். கதையில் வினைச்சொற்களுக்குப் பஞ்சம் இல்லை என்று கேள்வி.

2

வேறு தொடக்கங்களும் இருந்தன.

'அந்த ஞாயிறு காலை வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.' (தூறவில்லை. மழை போட்டால் ஆழம் வரும் என்று நினைத்தேன்.)

'குழந்தைகள் கடவுளின்' (இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.)

ஆகவே உள்ளது உள்ளபடி. அத்தை வாரநாட்களில் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தின் குழந்தைகள் வகுப்பு அவர் பொறுப்பு. இரண்டு இடத்திலும் ஒரே குரலில் 'அடுத்து' என்பார். வேதியியல் பட்டம் வாங்கி ஓராண்டாக வீட்டில் இருந்த என்னையும் ஒருநாள் அப்படித்தான் கூப்பிட்டார்.

"அத்த, எனக்குப் பாட வராது. நாலு பேர் பாத்தா வாயே திறக்காது."

"உன்ன யாருடி பாடச் சொன்னா? புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கு. அதப் பாத்துச் செய். சயின்ஸ் படிச்சவதானே."

புத்தகம் என்பது பதினாறு பக்கக் கையேடு. நான்காவது செயல்பாடு: நாற்காலி விளையாட்டு. பாட்டுக்குப் பன்னிரண்டு வரி. குழந்தைகள் பதின்மூன்று பேர், நாற்காலி பன்னிரண்டு. முதல் சுற்றில் முதல் வரி முடிந்ததும் பாட்டை நிறுத்த வேண்டும். நாற்காலி கிடைக்காதவர் வெளியேறுவார். ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து, இந்தமுறை இரண்டாம் வரிவரை. இப்படியே பன்னிரண்டு சுற்று. வெளியேறிய குழந்தைகள் மனம் வாடாதிருக்க, பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வண்ணம் தீட்டலாம்.

கைபேசி பாடும். என் கட்டைவிரல் நிறுத்தும். நான் வாய் திறக்க வேண்டிய இடம் கையேட்டில் எங்குமே இல்லை. அதை எழுதியவர் காலில் விழலாம் போலிருந்தது.

3

இங்கே ஒரு கதாபாத்திரம் தேவை.

ஆறு வயதுப் பெண். அத்தை அவளுக்கு வைத்த பெயர் நிதானம். செருப்பைக் கழற்றினால் இரண்டையும் சேர்த்து, சுவரை ஒட்டி, நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். அதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்றுச் சண்டை போட்டு முடித்திருப்பார்கள்.

(இவளை நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம். கதைகளில் வரும் மெதுவான குழந்தைகள் கடைசியில் பெரிய உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இவள் சொல்லவில்லை.)

அவள் அம்மா நர்ஸ். ஞாயிற்றுக்கிழமையிலும் டியூட்டி. பிள்ளைகள் இந்தப் பாட்டைப் பாடும் ஆண்டுவிழா அன்று மட்டும் ஒருவரிடம் பகல் ஷிப்டை இரவுக்கு மாற்றிக்கொண்டு வரப்போவதாக நிதானம் என்னிடம் சொன்னாள். அடுத்த வாரமும் சொன்னாள். ஆறு வாரமும் சொன்னாள். சொல்லிவிட்டு நாற்காலியைச் சுற்றி நடப்பாள். பாட்டு நிற்கும். எல்லோரும் பாய்வார்கள். அவள் எந்த நாற்காலி என்று யோசிப்பாள். யோசித்து முடித்ததும் பக்கத்து அறைக்குப் போய் வண்ணம் தீட்டுவாள்.

ஆறு வாரமும் முதல் சுற்றிலேயே.

4

கணக்குத் தெரிந்த வாசகர் இந்நேரம் சிரித்திருப்பார். நான் பட்டம் வாங்கியவள், எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.*

விழாவுக்கு முந்தைய ஞாயிறு அத்தை ஒவ்வொருவராக நிற்கவைத்துப் பாடச் சொன்னார். எப்போதும் கடைசிவரை நின்று ராக்கெட் என்று பெயர் வாங்கிய பையன் பன்னிரண்டு வரியையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். ஏழாவது எட்டாவது சுற்றில் வெளியேறுகிறவர்கள் ஏழெட்டு வரி பாடினார்கள். யாருக்கு எத்தனை வரி தெரியும் என்பதையும் யார் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்பதையும் வரைபடமாகப் போட்டால் அழகான நேர்கோடு கிடைக்கும். பக்தியைக் காலால் அளந்திருக்கிறேன்.

நிதானம் முன்னால் வந்தாள். கை கூப்பினாள்.

'நாங்கள் விழிக்கும் முன்னே விழித்தவனே'

சுருதி பிசகாமல் பாடினாள். பாடி முடித்ததும் திரும்பி, பக்கத்து அறைக் கதவைத் திறந்து, உள்ளே போய் உட்கார்ந்து வண்ணப் பென்சிலை எடுத்தாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். நான் கைபேசியைப் பார்த்தேன்.

* என் ஆய்வக ஆசிரியர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

5

முதல் வரைவில் இந்தப் பகுதி இப்படி இருந்தது:

'அன்று எல்லோரும் போனபின் அவளை மடியில் வைத்துக்கொண்டு, என் கூச்சத்தை எல்லாம் விட்டு, வரி வரியாகப் பாடிக் காட்டினேன். இருவர் குரலும்'

பொய். எழுதும்போது கண் கலங்கியது, அதனால்தான் பொய் என்று தெரிந்தது.

நடந்தது வேறு. பக்கத்து அறைக்குப் போனேன். அவள் ஒரு யானைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். பாடிக் காட்ட வேண்டும். வாயைத் திறந்தேன். கதவுக்கு வெளியே அத்தை இருந்தார், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த நான்கைந்து அம்மாக்களும் இருந்தார்கள். பதினோரு வரி. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"மத்தவங்க பாடும்போது நீ வாய மட்டும் அசை, சரியா? யாருக்கும் தெரியாது."

அவள் யோசித்தாள். "கடவுளுக்கு மிஸ்?"

"அவருக்கும்தான்" என்றேன். இறையியலில் என் ஒரே பங்களிப்பு அது.

6

விழா மாலை. பாட்டு நன்றாகவே வந்தது. முதல் வரியில் நிதானத்தின் குரல் இருந்தது. பிறகு பதினோரு வரிக்கும் உதட்டை அசைத்தாள். எதையும் ஒழுங்காகச் செய்கிற பெண் அல்லவா, ராக்கெட்டின் வாயை ஓரக்கண்ணால் பார்த்து எழுத்துக்கு எழுத்து அசைத்தாள். பின்வரிசையில் டியூட்டிச் சீருடையோடு நின்ற அவள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர்கள் கைதட்டினார்கள். கையேட்டின் வெற்றி.

அறிக்கை இங்கே முடியும். அத்தைக்கும் அதுவே விருப்பம். "போதும், இதோட நிறுத்திக்கோ. நல்லா வந்திருக்கு" என்றார்.

7

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நடைவழியில் அம்மாவும் மகளும் என்னிடம் வந்தார்கள்.

"மிஸ், கூட்டத்துல இவ குரல் தனியா கேக்கல. பதினஞ்சு நிமிஷத்துல நான் வார்டுல இருக்கணும்." மகள் பக்கம் குனிந்தார். "எனக்காக ஒரே ஒரு தடவ பாடும்மா. ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கறேன், ராத்திரி டியூட்டில கேக்க."

கைபேசியை மகளின் வாயருகே பிடித்தார்.

நிதானம் என்னைப் பார்த்தாள். கை கூப்பினாள். முதல் வரியைப் பாடினாள். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே, சத்தமில்லாமல் உதட்டை அசைக்கத் தொடங்கினாள்.

அம்மா சிரித்தார். "சத்தமாப் பாடு கண்ணு." கைபேசியை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு சிரிப்பு குறைந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

8

முடிவுகள்.

அ) நான் இரண்டாம் வரியைப் பாடுகிறேன். நடைவழியில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். நிதானம் என் பின்னால் ஒவ்வொரு சொல்லாக வாங்கிக்கொள்கிறாள். அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது. (பரிசு வாங்கும் முடிவு.)

ஆ) அத்தை எங்கிருந்தோ "அடுத்து" என்கிறார், நான் தப்பித்து ஓடுகிறேன். (என்னை அறிந்தவர்கள் இதை நம்புவார்கள்.)

இ) 'பிள்ளைக்குக் கூச்சம்' என்று அம்மாவிடம் சொல்லி, என் நோயை அவள் பெயரில் எழுதிவிடுகிறேன்.

எது நடந்தது என்று சொல்லமாட்டேன். பாட்டை நிறுத்தி நிறுத்தியே பழகியவள், கதையையும் நிறுத்தத் தெரியும். நீங்களே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான்காவதாக, நீங்களே அந்த நடைவழிக்கு வந்து அவளுக்கு உதவலாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உங்களுக்கும் முதல் வரியைத் தாண்டி நான் எதுவும் சொல்லித் தரவில்லை.

ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா இன்னும் என்னைத்தான் பார்க்கிறார். அவள் உதடுகள் நான்காம் வரிக்கு வந்துவிட்டன.

இன்னும் எட்டு இருக்கிறது.