பாளை வெடித்த மூன்று நாள்

விடிவதற்கு முன்பே நாங்கள் பதினோரு பேரும் பேரீச்ச மரங்களின் மேல் இருந்தோம். பாலைவன ஊரான டோஸரின் தோப்பில் மார்ச் மாதத்துக் குளிர் எலும்பு வரை போகும். ஓலை அடியில் இருக்கிற முள் விரல் நீளம். இடுப்புத் துணியில் மகரந்தம் நிறைந்த ஆண் பாளையின் கீற்றுகள். வெடித்த பெண் பாளையைப் பிரித்து, நடுவில் அவற்றைத் தலைகீழாகச் செருகி நாரால் கட்ட வேண்டும். மூன்று நாளுக்குள் கட்டாத பாளையில் பேரீச்சை பிடிக்காது, வெறும் சொத்தைதான்.

போன வருஷம் மரத்துக்குப் பதினைந்து பாளை. இந்த வருஷம் நாலுதான். பிஞ்சு பிடித்ததும் பாதிக் குலைகளை வெட்டி எறிவது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் மரம் சோர்ந்து அடுத்த வருஷம் படுத்துவிடும். தோப்பு முதலாளி முன்ஜி போன வருஷம் ஒரு குலையையும் தொடக் கூடாது என்றார். குலைக்கு இவ்வளவு என்று போனஸும் தருவதாகச் சொன்னார். எங்களில் லஸ்ஹர் மட்டும் அவரோடு மல்லுக்கு நின்றான். நாங்கள் போனஸை நினைத்து வாயை மூடிக்கொண்டோம். இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

வெயில் ஏறும்போது முதலாளியின் வண்டி வந்தது. இறங்கியதும் கைபேசியில் மகசூல் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கடா! நாலு வருஷமா மேல மேல போன கோடு. இந்த வருஷம் கிணத்துல விழுந்த மாதிரி கிடக்கு. பேங்க்காரன் கேட்டா நான் என்ன சொல்ல?"

"போன வருஷம் மரத்தோட உயிரைப் பிழிஞ்சேன்னு சொல்லுங்க," என்றான் லஸ்ஹர், மேலே இருந்தபடியே.

முதலாளியின் முகம் சிவந்தது. "கிழக்கு வரிசை உன் பொறுப்பு. அங்கதான் ரொம்ப மோசம். வேலைய ஒழுங்காச் செய்யல நீ. இறங்கு! இன்னியோட போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள தோப்பு வீட்டையும் காலி பண்ணு."

"வீட்டையா? பொண்டாட்டி மாசமா இருக்கா, முதலாளி."

"அதை இவ்வளவு பேசுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

லஸ்ஹர் இறங்கினான். முள் கிழித்த முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்தது. முதலாளி அவனைப் பார்க்கவே இல்லை. என் மரத்தடிக்கு வந்து அண்ணாந்தார்.

"பெஷீர், கிழக்கு வரிசைய நீ எடுத்துக்க. அந்த வீடும் உனக்குத்தான்."

என் குடும்பத்தில் ஒற்றை அறைக்குள் ஏழு பேர். அந்த வீட்டுக்கு முற்றமும் தண்ணீர்க் குழாயும் உண்டு. இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். ஒரு நிமிஷம் எனக்கும் மனசு ஆடியது. பிறகு ஆத்திரம் கிளம்பியது, அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

நான் இறங்கினேன். இடுப்புத் துணியை அவிழ்த்து, கீற்றுகளோடு லஸ்ஹரின் காலடியில் வைத்தேன்.

"கிழக்கு வரிசை இவனுது. இவன் ஏறாம நான் ஏற மாட்டேன்."

"அப்போ நீயும் போ!"

"நானும் போறேன்," என்று அடுத்த மரத்திலிருந்து ஹத்தாப் கத்தினான். "பாளைய நீங்களே கட்டிக்குங்க, முதலாளி. வயிறு இடிக்காம பாத்து ஏறுங்க!"

தோப்பெங்கும் சிரிப்புக் கேட்டது. தொடர்ந்து மட்டைகள் சரசரத்தன. மீதி எட்டுப் பேரும் இறங்கி வந்தார்கள்.

"முட்டாள்களா, மூணு நாள் போனா இருக்கிற நாலும் சொத்தையாயிடும்! தெரியுமா?"

"தெரியும்," என்றேன். "எங்களுக்குத்தான் தெரியும்."

பக்கத்து ஊரான நஃப்தாவிலிருந்து ஆள் கொண்டு வருவேன் என்று மிரட்டிவிட்டு அவர் வண்டியேறினார். கொண்டு வரவும் கூடும். போலீசும் வரலாம். லஸ்ஹர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் எங்கடா போச்சு இந்த வாய்?"

"வித்துட்டேன்," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்து அழுத்தினான். வலித்தது.

"சரி வாங்க," என்றான். "ஆள் வர்றதுக்கு முன்னாடி நாம நஃப்தாவுக்குப் போய், அங்க மரம் ஏறுறவங்ககிட்ட வர வேணாம்னு பேசுவோம்."

பதினோரு பேரும் வெறுங்காலுடனே சாலைக்கு நடந்தோம்.