போன் அடித்தால் கடிக்கும் ஜானி

ஏழு வருஷம் காத்திருந்த பிறகு, தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆவணியில் பாலுசாமியின் பீளமேட்டு வீட்டுக்குப் போன் இணைப்பு வந்தது. அவர் பம்ப் பட்டறைக்காரர். போன் வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் மூன்றே வாரத்தில் வீட்டு நாய் ஜானி அவருடைய குதிகாலைக் கடித்துவிட்டது.

ஜானி நாலு வயசுச் சடை நாய். அதுவரை யார் மேலும் பல் பட்டதில்லை. பாலுசாமி ஊசி போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்தார். மறுவாரம் ஜானி மகள் புவனாவின் பாவாடையைக் கவ்விக் கிழித்தது.

"தொண்டாமுத்தூர்த் தோட்டத்துல கொண்டுபோய் உட்டுப்போடறேன். அங்க வார யானைய வேணா கடிக்கட்டும்," என்றார்.

அவர் மனைவி சாந்தாமணிக்குக் கோபம் வரவில்லை. இரண்டு தடவையும் போன் அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் அவள் மண்டையைக் குடைந்தது.

"ஒரு மாசம் பொறுங்க. எதுக்குக் கடிக்குதுன்னு பாத்துப்போடறேன்."

"நாய் கடிக்கறதுக்குக் காரணம் வேற இருக்குதா?"

"இருக்கோணுமில்லீங்க."

முதலில் கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனாள். அவர் காது, பல், கால் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்து, நோவு ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகு அவளே பார்க்க ஆரம்பித்தாள்.

போன் சும்மா இருக்கும்போது அதன் பக்கத்தில் போய் நின்றாள். ஜானி வாலை ஆட்டியது. போன் அடித்தபோது எழுந்து போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே நாயைக் கவனித்தாள். காதைப் பின்னால் மடக்கி, வாலை இடுக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. கடிக்கிற நாயின் முகமா அது? பயந்து செத்த முகம். அடுத்த தடவை போன் அடித்ததும், வீட்டுக்காரர் ஓடுகிற மாதிரியே தடதடவென்று நாலடி ஓடிப் பார்த்தாள். உறுமல் கிளம்பியது. அப்படியே நின்றுகொண்டாள்.

போன் ஸ்டாண்டுக்கு அடியில்தான் ஜானி படுக்கும் சாக்கு. சாந்தாமணி சாக்கின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நாயின் உயரத்திலிருந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் சுவர். வெளியே போக ஒரே வழி. அந்த வழியில்தான் எல்லோர் காலும் ஓடி வரும்.

"அம்மா, மொத நாள் போன் வந்தப்போ அப்பா ஓடியாந்து அது காலை மிதிச்சுட்டாருங்க. அது கத்துனது மணி சத்தத்துல யாருக்கும் கேக்கலை," என்றாள் புவனா.

சாந்தாமணி சாக்கைச் சமையலறை வாசலுக்கு மாற்றினாள். இனி யாரும் போனுக்கு ஓடக்கூடாது, நடந்துதான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். கடி நின்றது. நடுக்கம் நிற்கவில்லை.

குக்கர் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் ஜானி பறந்து வரும், கறி கிடைக்கும் என்று. ஒரு சத்தத்தை அதற்குப் பிடிக்க வைக்க முடியுமென்றால் இன்னொன்றையும் முடியாதா? தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போனாள்.

"ஏனுங்க யூனுஸ் பாய், தெனமும் நாலு தடவை எங்கூட்டுக்குப் போன் போடுங்க. மணி ரெண்டு தடவை அடிச்சதும் வெச்சுருங்க."

"யாருகிட்டங்க அம்மணி பேசோணும்?"

"பேச வேண்டாமுங்க. நாய்க்குத்தானுங்க."

யூனுஸ் முதலில் சிரித்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஈரல் குடுத்துப் பாருங்க. பத்தேகால், பன்னெண்டு, மூணு, அஞ்சரை. சரிங்களா?"

சாந்தாமணி போனைக் கம்பளியில் சுற்றி வைத்தாள். மணிச்சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. ஜானி நடுங்கத் தொடங்குமுன் ஈரல் துண்டை நீட்டினாள். முதல் நாள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் தின்றது. பத்தாம் நாள் கம்பளியில் ஒரு சுற்றைப் பிரித்தாள். பாலுசாமி ஒருநாள் மறந்துபோய் ஓடினார், ஜானி உறுமியது. மறுபடி கம்பளி, மறுபடி ஈரல். சாயங்காலமானால் யூனுஸ் இவர்கள் வாசலில் நின்று, "இன்னைக்கு எப்படிங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

நாலாவது வாரம் பாலுசாமி ஒரு மோட்டார் வேலையாகத் தாராபுரம் போயிருந்தார். காலையில், கம்பளி இல்லாத போன் அடித்தது. யூனுஸ்தான் என்று நினைத்தாள். இரண்டு தடவை அடித்ததும் நிற்கவில்லை. ஜானி அவள் முன்னால் வந்து உட்கார்ந்து கையையே பார்த்தது. துண்டைக் கொடுத்துவிட்டு, நிதானமாக நடந்து போய் எடுத்தாள்.

"எடுக்க இத்தன நேரமா?" பாலுசாமியின் குரல்.

"ஜானிக்கு ஈரல் குடுத்துட்டு வாரேனுங்க."



"நடுங்குச்சா?"

"இல்லீங்க. கையத்தான் பாத்துச்சு."

"நெசமாவா? சரி, நான் வெச்சுப்போட்டு இன்னொருக்காப் போடறேன். என்ன பண்ணுதுன்னு நல்லாப் பாத்துச் சொல்லு."

சாந்தாமணி ரிசீவரை வைத்துவிட்டு, இன்னொரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.