ஏழு பலகை மதகு

1959-இல் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு, மட்டாஞ்சேரியில் கல்யாணராமனுக்கு மாரடைப்பு வந்தது. அதே எட்டரைக்கு அவர் வீட்டின் பின்னால் ஓடிய கால்வாயும் வற்றிப்போனது. காயல் தண்ணீர் கால்வாய்க்குள் நுழையும் வாயை, எருமை அளவுள்ள ஒரு சிவந்த களிமண் கட்டி வந்து அடைத்திருந்தது. மழை கொட்டிக்கொண்டே இருந்தது. கால்வாயில் விழுந்த மழை மட்டும் விழுந்த இடத்திலேயே காய்ந்தது. முனிசிபாலிட்டி ஆள் குடை பிடித்து நின்று பார்த்துவிட்டு, மனிதருக்கும் கால்வாய்க்கும் ஒரே அடைப்பு என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வாரம் மிளகு விலை இறங்கியது. ஊர் அதைத்தான் அதிகம் பேசியது.

கல்யாணராமன் கிடங்கில் மிளகைக் கடித்துப் பார்த்துத் தரம் சொல்கிறவர். குழந்தை கிடையாது, மனைவி நீலாம்பாளுக்கு அவரை விட்டால் நாதியில்லை. மாரடைப்பு வந்தவரைப் படுக்கவைத்து, வலிக்கு ஊசி போட்டு, கடவுள் விட்ட வழி என்று உட்கார்ந்திருப்பதுதான் அன்றைய வைத்தியம். பக்கத்துத் தெரு டாக்டர் வெங்கிடேஸ்வரனுக்கு மட்டும் அதில் திருப்தியில்லை. அவர் வீட்டுக் கொட்டகையில் பன்னிரண்டு வருஷமாக நாய்களின் இதயத்தை ஆராய்ந்துவந்தார். அதனாலேயே யாரும் அவருக்குப் பெண் கொடுக்கவில்லை. நாயின் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயை நூலால் கட்டுவார், ஒரு மணி நேரம் கழித்து அவிழ்ப்பார். கட்டியிருந்தவரை துடித்த சில இதயங்கள், அவிழ்த்து ரத்தம் பாய்ந்ததும் நின்றுபோயின. ரத்தம் வராததால் செத்தது பாதி, வந்ததால் செத்தது பாதி என்று அவர் எழுதி அனுப்பிய கட்டுரை மூன்று முறை திரும்பி வந்தது.

ஆகவே தெருக்காரர்கள் மண்வெட்டியோடு கட்டியை உடைக்கக் கிளம்பியபோது டாக்டர் குறுக்கே படுத்துவிட்டார். கும்பளங்கிக்கு ஆள் அனுப்பி, கெட்டு எனப்படும் இறால் வயல்களில் மதகு பார்க்கும் பேச்சியை வரவழைத்தார். பேச்சி ஒரு பிடி களிமண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"ஒரே இழுப்புல தொறந்தா வெள்ளம் வரம்பையும் கொண்டுபோவும், மீனையும் கொண்டுபோவும் டாக்டரே. ஏழு பலகை வச்சு அடைச்சிட்டு கட்டியை ஒடைப்போம். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு எடுத்தாப் போதும்."

அப்படியே செய்தார்கள். முதல் பலகையை எடுத்த அன்று கல்யாணராமனின் நகங்களில் நிறம் வந்தது. இரண்டாவதுக்கு இடது கை அசைந்தது. மூன்றாவதுக்கு எழுந்து உட்கார்ந்தார், நான்காவதுக்குச் சாயா கேட்டார். கால்வாயில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. "இன்னும் மூணு பலகைதான் மாமி, ஒண்ணும் பேடிக்க வேண்டாம்" என்றார் டாக்டர். ஏன் மெதுவாகத் திறக்கிறோம் என்பதை மட்டும் அவர் நீலாம்பாளிடம் சொல்லவில்லை. வீட்டுப் பெண்களிடம் போய் நாய் செத்த கதையை என்னவென்று சொல்வது என்று நினைத்தார். அந்த அசட்டுத்தனத்தை அதே தெருவில் வளர்ந்த என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. வாவு எனும் அமாவாசை நாளில் கடல் ஓதம் மிகவும் உயரும் என்பதால் பேச்சி தன் கெட்டுகளைக் காக்கக் கும்பளங்கிக்குப் போயிருந்தாள். டாக்டர் படகேறி எர்ணாகுளம் போயிருந்தார். கல்யாணராமன் எள்ளையும் தர்ப்பையையும் எடுத்து வைக்கச் சொன்னார்.

"அப்பாவுக்கு ஜலம் விடணும்டி. கணுக்கால் ஜலத்துல நின்னு எப்படி விடறது?"

இரண்டு மாதத்தில் சாயாவைத் தவிர அவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே காரியம் அது. பித்ரு கடனை நிறுத்தி வைக்க யாருக்குத்தான் மனசு வரும்? நீலாம்பாள் மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மூன்று பலகைகளையும் ஒரே மூச்சில் உருவிப் போட்டாள். வாவு ஓதம் அலறிக்கொண்டு உள்ளே புகுந்தது. கல்யாணராமன் தாமாகவே படியிறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். முகம் மாப்பிள்ளைக்குச் சிவப்பதுபோலச் சிவந்தது. இரண்டு கை தண்ணீர் விட்டார். மூன்றாவது கைத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்துகொண்டிருக்கும்போதே சாய்ந்தார்.

தகனம் முடிந்த மறுநாள் கால்வாய் துடிக்கத் தொடங்கியது. நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தரம் தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறி இறங்கியது. பத்தாம் நாள் காரியத்துக்கு வந்த வாத்தியார் கால்வாயில் கையை விட்டு, கண்ணை மூடி எண்ணிப் பார்த்து, "இருக்கார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவர் தட்சிணை வாங்காமல் போனது அந்த ஒரு தரம்தான். நீலாம்பாள் குங்குமத்தை அழிக்கவில்லை, தெருவும் அவளை வற்புறுத்தவில்லை. பகலெல்லாம் படித்துறையில் கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசுவது குறைந்துபோனது.

1964-இல் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் யாரோ நாய்களை வைத்து அதே விஷயத்தை எழுதியிருந்தார்கள். டாக்டர் அதை எடுத்துக்கொண்டு படித்துறைக்கு வந்து, வரிவரியாகத் தமிழில் சொன்னார். நீலாம்பாள் கடைசிவரை கேட்டாள்.

"அன்னைக்கே நேக்கு இதைச் சொல்லியிருக்கப்படாதோ? ஒண்ணொண்ணா எடுத்திருப்பேனே."

"தப்பு என்னோடது மாமி" என்றார் டாக்டர். ஐந்து வருஷமாக அழாத நீலாம்பாள் அன்று வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, "ரெண்டு நாளா தாளம் தப்பறது, பாருங்கோ" என்று டாக்டரின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நூற்றுப்பத்து இருந்தது, நடுநடுவே விட்டுவிட்டும் அடித்தது. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, பெயர் கல்யாணராமன் என்றும், வயது என்ற இடத்தில் இறந்தபோது இருந்ததை விட்டு அன்றைய வயதான ஐம்பத்தொன்று என்றும், கீழே பூரண ஓய்வு என்றும் எழுதினார். மறுநாள் அந்தச் சீட்டைப் பார்த்து முனிசிபாலிட்டி கால்வாயின் இரு முனையிலும் குறுக்கே மூங்கில் கட்டி வழியை அடைத்தது. மிளகு ஏற்றிவரும் வள்ளங்கள் அன்றிலிருந்து சுற்றித்தான் போகின்றன. கால்மணி நேரம் கூடுதலாகிறது.