சாலையோரத்து வயல்

அறுவடை முடிந்தால் பெரியவரின் வயலில் ஒரு பச்சை இலைகூட மிஞ்சாது. அறுத்த நெல் தாளை உழுது புரட்டி, வரப்பைச் செதுக்கி, குளிர்காலம் முழுக்க நிலத்தைத் துடைத்த தட்டுபோல் வைத்திருப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அந்த வருடம் மருமகள் அதில் பயறு விதைத்தாள்.

விதை கொடுத்தது அவளுடைய அப்பா. பெரியவருக்கு அதுவே முதல் குறை.

"குளிர்ல நிலம் சும்மா கிடக்கக் கூடாது மாமா. கொடி மூடியிருந்தா களை அடங்கும், சிலந்தி தங்கும். நெல்லுக்கு வர்ற பூச்சியை அது பார்த்துக்கும்."

"நம்ம வீட்டுல சிலந்தியை வேலைக்கு வெச்சதில்லையேம்மா," என்றார் பெரியவர்.

மகன் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

குளிர் போனதும் அவள் கொடியை மடக்கி உழுது, நன்றாக மட்கவிட்டு, நாற்று நட்டாள். "தழையே உரம் மாமா. யூரியா ஒரு பிடிகூட வேண்டாம்." பெரியவர் தலையாட்டினார். தலையாட்டுவது வாக்குக் கொடுப்பதாகாது என்பது அவர் கணக்கு.

நட்ட பயிர் முதலில் சற்று வெளிறித்தான் இருந்தது. பக்கத்து வயல்காரரான ஓய்வுபெற்ற கண்டக்டர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன பெரியவரே, பயிருக்கு ரத்தசோகையா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அன்று மதியம் வீடு உறங்கும் நேரம் பார்த்து, பெரியவர் வெள்ளைச் சட்டையோடு வயலில் இறங்கி, யூரியாவைக் கூடை கூடையாக வீசினார். சாலையோரத்து வயலில் மட்டும். சாலைக்குத் தெரியாமல் உள்ளே தள்ளியிருந்த பின்வயலை யார் பார்க்கப்போகிறார்கள்?

பயிர் கருகருவென்று எழுந்தது. கண்டக்டர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்த மௌனத்தில் பெரியவருக்கு ஒரு வாரம் நல்ல தூக்கம்.

பிறகு இலைச்சுருட்டுப் புழு வந்தது. அடுத்து தண்டின் அடியில் புகையான் பூச்சி மொய்த்து, பயிர் வட்டவட்டமாகத் தீய்ந்தது. தப்பிய பயிரும் கதிரில் பால்பிடிக்கும் முன்பே சாலையைப் பார்த்துச் சாய்ந்து படுத்துக்கொண்டது. அதே பயறை மடக்கி உழுத பின்வயலில் நெல் நிமிர்ந்து நின்றது; தாளுக்குத் தாள் சிலந்தி வலை.

மருமகள் இரண்டு வயலையும் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

சேதி கேட்டுச் சம்மந்தி வந்து சேர்ந்தார். சாலையோரத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"பயறுதான் பூச்சியைக் கூட்டிட்டு வந்திருக்கு," என்றார் கண்டக்டர்.

அதிசயமாக மகன் வாயைத் திறந்தான். "இனிமே குளிர்ல எதுவும் விதைக்க வேண்டாம்."

மருமகள் தலை குனிந்துகொண்டாள். பெரியவர் பேசாமல் இருந்தால் போதும். மானம் தப்பிவிடும், நிலமும் பழையபடி துடைத்த தட்டாய்க் கிடக்கும்.

சம்மந்தி கைகூப்பினார். "மன்னிச்சுடுங்க சம்மந்தி. விதை நான் கொடுத்தது. உங்க குடும்பத்து வயலை என் பொண்ணு கெடுத்துட்டா."

பெரியவரின் முதுகு விறைத்தது. இந்த வீட்டு வயலைக் கெடுப்பதற்கு வெளிக் குடும்பத்திலிருந்து ஆள் வரவேண்டுமா?

"கையை இறக்குங்க," என்றார். "இதுல உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் எந்தப் பங்கும் கிடையாது. அவ வேண்டாம்னு சொன்ன யூரியாவை ரோட்டோரம் போட்டது நான். பூச்சி வந்ததும் அதனாலதான். முழுக்க எங்க வீட்டு வேலை."

கண்டக்டர் இருமினார். "ஒரு மூட்டையா பெரியவரே?"

"ரெண்டு. நாங்க எதையும் அரைகுறையா செய்யறதில்லை."

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "அப்போ அடுத்த குளிருக்கும் விதைக்கலாமா மாமா?"

"விதைம்மா. உரம் வைக்கிற அறையோட சாவியை மட்டும் இனிமே நீயே வெச்சுக்கோ."