பரணில் ஒரு பி.எஸ்சி.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு வீட்டை அசலில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நகல் செல்லாது. எனவே செவ்வாய்க்கிழமை காலை அப்பா எங்கள் வீட்டைத் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றினார்.

ஒரே அறைதான். கனமில்லை. அம்மா உள்ளேயே இருந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டு வந்தாள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. நான்தான் முதல் ஆள். சான்றிதழ் இருந்தால்தான் சீட்டு.

அலுவலகத்தின் நடைவழி நாங்கள் போகப் போக நீண்டது. மூன்றாவது கிலோமீட்டரில் டீ குடித்தோம். ஐந்தாவதில் சரிபார்க்கும் மேடம் இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார். அரிசி டிரம்மைத் திறந்தார்.

"இதுல பட்டதாரி யாரும் இல்லையே?"

"அரிசி மட்டும்தான் மேடம்" என்றாள் அம்மா.

எழுதிக்கொண்டார். பிறகு ஸ்டூலில் ஏறிப் பரணைப் பார்த்தார்.

பரணில் ஒரு பட்டதாரி இருந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் எங்கள் பழைய குக்கர்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்சி. இயற்பியல்."

"இங்க எப்படி?"

"முன்னாடி குடியிருந்தவங்க காலி பண்றப்ப என்னை எடுக்க மறந்துட்டாங்க."

அப்பா ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். "சத்தியமா இவரு யாருன்னே தெரியாது மேடம். மேல குக்கர்தான் இருக்குதுன்னு நெனச்சேன்."

மேடம் என்னைப் பார்த்தார். "இவருக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் என் பேருங்க" என்றார் அவர்.

"உங்களைக் கேக்கல."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க, லென்ஸ் கணக்கு வராமல் நான் நோட்டை மூடும்போதெல்லாம், "குறியை மாத்திப் போட்டுட்ட பாரு" என்று மேலிருந்து வரும். மின்விசிறிச் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

அப்பா என் கையை அழுத்தினார். இல்லை என்று சொல்லச் சொல்கிறார். சம்பந்தம் குக்கரை அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். நான் 'இல்லை' என்று சொன்னாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை.

"மாமா" என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா மேடம். என் கூடப் பொறந்தவரு."

"ஏன் முதல்லயே சொல்லல?"

"மேல இருந்தாரு."

மேடம் 'முதல்' என்பதை அடித்துவிட்டு 'இரண்டாம்' என்று எழுதினார். "சான்றிதழ் கிடையாது."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கீழ உக்காராதீங்க. ரெண்டாம் தலைமுறைக்கு நாற்காலி இருக்கு."

"எம் பொண்ணு சீட்டு மேடம்?"

"போட்டாச்சு."

"சான்றிதழ் இல்லாமயா?"

"முதல் தலைமுறைதான் எல்லாத்தையும் நிரூபிக்கணும். ரெண்டாம் தலைமுறைய நாங்க அப்படியே நம்பிடுவோம்."

அப்பா நாற்காலிக்கு மாறினார். முதலில் நுனியில். பிறகு சாய்ந்து பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது, போகலாம் என்ற பிறகும் இருபது நிமிடம் அதில் இருந்தார். யாரும் எழுப்பவில்லை.

திரும்பும்போது நடைவழி பத்தடிதான் இருந்தது. வெளியே பாலத்து ஏற்றத்தில் மாமா இறங்கி என்னோடு வண்டியைத் தள்ளினார். தள்ளிக்கொண்டே, கல்லூரியில் முதல் வருடம் என்னென்ன பாடம் என்று கேட்டார்.

அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, உனக்குக் கருவாட்டுக் குழம்பு ஒத்துக்குமா?"

"பதினோரு வருஷமா வாசனையிலதான்மா இருந்தேன்" என்றார் மாமா. "ஒத்துக்கும்."