நூல் விட்ட கிண்ணம்

டை கட்டிய ஒருவன் வயசானவர்கள் கூடும் ஊர் மண்டபத்துக்கு வந்துபோக ஆரம்பித்ததிலிருந்தே கிழவர் தால்சுவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. கிழவிகளுக்குக் கழிவறைக் காகிதம் இலவசமாகக் கொடுக்கிறான், பாட்டுப் பாடுகிறான், முதுகு பிடித்துவிடுகிறான். பெற்ற மகனே வருசத்துக்கு இரண்டு தடவைதான் எட்டிப் பார்க்கிறான். இவனுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பாசம்?

நான்காம் நாள் விசயம் வெளியே வந்தது. தால்சுவின் மனைவி ஒக்பூன் அவனிடம் காசு கொடுத்து வாங்கிய ஒரு பெட்டி கேப்சூலோடு வந்தாள். தன் ரத்த அழுத்த மாத்திரையைத் தூக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

"புளிக்க வச்ச சோயாவாம். உள்ள கிருமி உசிரோட இருக்காம். இதைத் தின்னா அது வேண்டாமாம்."

"யாரு சொன்னா?"

"அந்தத் தம்பி."

"போன வருசம் மாத்திரைய விட்டுட்டு மிளகாத் தோட்டத்துல கவுந்து கெடந்தியே, அந்தத் தம்பியா தூக்கிட்டு ஓடினான்?"

"உங்களுக்கு டாக்டரையும் பிடிக்காது, இவனையும் பிடிக்காது."

"டாக்டரு முதுகப் பிடிச்சுவிட்டு மருந்து விக்கலையே."

பெட்டியில் எழுதியிருந்ததை தால்சு படிக்கவில்லை. படித்தாலும் நம்பியிருக்க மாட்டார். ஆனால் சோயாப் பயறு அவருக்குத் தெரியும். பயற்றைக் குழைய வேகவைத்து இரண்டு கிண்ணத்தில் போட்டார். ஒன்றில் ஒரு பிடி வைக்கோலைச் செருகினார். இன்னொன்றில் பத்து கேப்சூலை உடைத்துக் கொட்டினார்.

"பத்தா! பாவி மனுசா."

"உசிரோட இருந்தா வேலை செய்யட்டும். மூணு நாள்ல நூல் விட்டா நீ சொல்றத நான் கேக்கறேன். அதுவரைக்கும் மாத்திரையப் போடு."

ஒக்பூன் மாத்திரையை வெளியே எடுத்தாள். வைக்கோலில் இருக்கும் கிருமி பயற்றைப் புளிக்கவைத்து நூல் நூலாக இழுபடச் செய்வதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். தரைக்கடியில் ஓடும் அடுப்புச் சூடு நன்றாக ஏறும் மூலையில் இரண்டு கிண்ணத்தையும் ஒரே கம்பளியில் சுற்றி வைத்தாள்.

மூன்றாம் நாள் காலை கம்பளி மூட்டையோடு தால்சு மண்டபத்துக்குப் போனார். பாதிப் பாட்டில் இருந்தவன் முன்னால் வைத்துப் பிரித்தார். வீச்சம் கூரைவரை ஏறியது. வைக்கோல் கிண்ணத்தில் கரண்டியை விட்டுத் தூக்கினார். ஒரு முழத்துக்கு நூல் இழுபட்டது. மற்றதில் தூக்கினார். புளித்த தண்ணீர் சொட்டியது.

"ஐயா, இது விஞ்ஞானம், உங்களுக்குப் புரியாது," என்றான் டைக்காரன்.

சுன்ஜா கிழவி மூக்கை நீட்டி முகர்ந்தாள். "தம்பி, அறுவது வருசமா இந்தப் பயறோட குடும்பம் நடத்துறோம். உன்னோடது செத்து நாளாச்சு."

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக அவன் மேசைமேல் வந்து விழுந்தன. மத்தியானத்துக்குள் எல்லோர் காசும் திரும்பி வந்தது. காகிதக் கட்டுகளை எடுக்கக் குனிந்தவனை சுன்ஜா தடுத்தாள். "அது கெடக்கட்டும். உம் பாட்டக் கேட்டதுக்குக் கூலி."

அன்று வீட்டில் தால்சு அந்த நூல் விட்ட பயற்றைக் குழம்பாகக் கொதிக்கவைத்தார்.

"வயித்துக்கு இது. ரத்தத்துக்கு அது," என்றார் தால்சு. "ரெண்டும் வேணும்."

ஒக்பூன் அவர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கினாள். பிறகு குழம்பை ஒரு வாய் வைத்துப் பார்த்தாள்.

"பெருசா ஜெயிச்சிட்டீங்க," என்றாள். "உப்புதான் போடல."